மதுரைக் காம்பவுண்டு வீடுகள்: கட்டடக்கலை நோக்கில் ஒரு மதிப்பீடு

மதுரைக் காம்பவுண்டு வீடு என்பது, மதுரையின் பழைய நகரப் பகுதியில் இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவர்களுக்கு இடையே நீளவாக்கில் அமைந்து, ஒரே தலைவாசலுக்குள் பல குடும்பங்கள் வாடகைக்கு வாழும் வீட்டு வகையைக் குறிக்கும். மாசி வீதிகள், வெளி வீதிகள், அவற்றை இணைக்கும் சந்துகள், திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்கள் ஆகியவற்றில் இவ்வகை வீடுகளைக் காணலாம். மதுரையின் கட்டடக்கலை பற்றிய நூல்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் புதுமண்டபத்தையும் மகாலையும் விரிவாகப் பேசுகின்றன. நகர மக்களில் கணிசமானோர் பிறந்து வளர்ந்த இவ்வீடுகளைப் பற்றி அவற்றில் ஒரு பத்தி கிடைப்பதே அரிது.

இக்கட்டுரை அவ்வீடுகளின் அமைப்பை விளக்கி, அதன் நிறைகுறைகளை மதிப்பிடுகிறது. ஒப்பீட்டுக்கு ஸ்காட்லாந்தின் 'டெனமென்ட்' எனப்படும் அடுக்குக் குடியிருப்பு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டுமே பொதுச்சுவரில் நிற்பவை. இரண்டுமே ஆலைத் தொழில் பெருகிய காலத்தில் மக்களால் நிரம்பியவை. இரு ஊர்களுக்கும் பஞ்சு நூல் வழியாக ஓர் உறவும் உண்டு. 1889இல் மதுரை மில்லைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அந்த மில் 1974இல், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தோன்றிய கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று.

பெயர்கள்

மதுரையில் இவ்வீடுகளைக் 'காம்பவுண்டு வீடு', 'லைன் வீடு' என்பர். திருநெல்வேலிப் பக்கம் 'வளவு' என்பது வழக்கு. சென்னையில் 'ஸ்டோர்' என்றனர். இத்தகைய வாழ்க்கைமுறைக்குக் கதைகளும் பத்திரிகைகளும் தந்த பெயர் 'ஒண்டுக்குடித்தனம்'. 'ஒண்டுதல்' என்ற சொல்லில் ஒதுங்கி, இடம் கேட்டு நிற்கும் நிலை அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லான 'டெனமென்ட்' நிலத்தையோ வீட்டையோ ஒருவர் அனுபவிக்கும் உரிமையைக் குறித்துப் பிறந்தது. பெயரளவில்கூட நம் ஊரில் குடியிருப்பவர் உரிமையாளராக எண்ணப்படவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

'டெரஸ்' என்ற சொல்லும் குழப்பம் தரக்கூடியது. பிரித்தானியாவில் அது ஒட்டி நிற்கும் வீட்டு வரிசையைக் குறிக்கும். நம் ஊரில் அது மொட்டைமாடியைக் குறிக்கும். இக்கட்டுரையில் முதல் பொருளுக்கு 'வரிசை வீடு' என்ற சொல்லே ஆளப்படுகிறது.

தோற்றம்

வரிசை வீடு தமிழகத்துக்குப் புதிதன்று. சோழவந்தான் போன்ற வைகைக்கரை ஊர்களின் அக்கிரகாரங்களும், நெசவாளர் தெருக்களும் பொதுச்சுவர் வீடுகளால் ஆனவையே. தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாகவும், உள்நீளம் அதைப்போல நான்கு ஐந்து மடங்காகவும் இருப்பது இவற்றின் பொது இயல்பு. தெருவோரத்தில் எல்லோருக்கும் ஒரு வாசல் கிடைக்க வேண்டுமென்றால் முகப்பைக் குறுக்கத்தான் வேண்டும்.

மதுரையில் இந்த இயல்பை இரண்டு காலகட்டங்கள் உறுதிப்படுத்தின. முதலாவது, 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் ஆட்சியில் கோயிலை நடுவாக வைத்து நகரம் சீரமைக்கப்பட்டது. இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நாயக்கர் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முன்வந்தவர்களுக்கு அங்கே மனை கிடைத்தது. வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியன அப்போது உருவானவை. மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அந்தப் பணியை நடத்தியவர்கள். பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தப்பட்ட விளக்குத்தூண் இன்றும் ஓர் இடப்பெயராக வழங்குகிறது.

1870களில் ரயில் வந்தது. அதன் பின் மில் வந்தது. 1901 கணக்கெடுப்பில் சுமார் 1,06,000 பேர் இருந்த மதுரை, 1951இல் 3,60,000 பேரைத் தாண்டியது. ஐம்பது ஆண்டுகளில் மக்கள்தொகை மூன்று மடங்குக்கு மேலானது. கோயிலைச் சுற்றிய வீதிகளின் நீளம் மட்டும் அப்படியே இருந்தது. வந்தவர்களில் பலர் தங்கியது ஏற்கெனவே இருந்த வீடுகளுக்குள்தான். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டின் கூடம் தட்டி வைத்து மறைக்கப்பட்டது. இரண்டாம் கட்டு தனிக் குடித்தனமாயிற்று. கொல்லையில் ஓட்டுக்கூரையோடு நாலைந்து அறைகள் எழும்பின. காம்பவுண்டு வீடு பெரும்பாலும் இவ்வாறு பிறந்தது. தொடக்கத்திலிருந்தே வாடகைக்காகக் கட்டிய லைன் வீடுகளும் உண்டு. ஆனால் அவையும் அதே குறுகிய மனையில், அதே ஒழுங்கில் அமைந்தன.

இதற்கு மாற்றாக, மில் நிர்வாகம் தன் தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றத்தின் அருகே அமைத்த குடியிருப்பே ஹார்விபட்டி. நேரான தெருக்களோடு திட்டமிட்டு அமைந்த இக்குடியிருப்பு, பின்னர்ப் பேரூராட்சியாக இருந்து, 2011இல் மதுரை மாநகராட்சியில் சேர்ந்தது. திட்டமிட்டால் தொழிலாளிக்கும் தனி வாசல் தர முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அது மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே. கடைச் சிப்பந்தி, நெசவாளி, தட்டு வண்டி ஓட்டுபவர், பள்ளி ஆசிரியர் முதலியோருக்குக் காம்பவுண்டு வீடே வாய்த்தது.

அமைப்பு

தெருவிலிருந்து உள்ளே செல்லும் வரிசையில் இவ்வீட்டைப் பார்ப்பது எளிது. முதலில் திண்ணை. அடுத்துத் தலைவாசல். அதன்பின் ஒடுங்கிய நடை. இதை ரேழி என்றும் சொல்வர். நடை முடியும் இடத்தில் வானம் திறந்த முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். அதற்கப்பால் இரண்டாம் கட்டு. கடைசியில் கிணறு, துவைகல், கழிப்பறை. பின்சுவரில் முடுக்குக்குத் திறக்கும் ஒரு சிறு கதவு.

ஒரு குடும்பத்துக்கான இந்த வரிசையில் பத்துக் குடும்பங்கள் குடியேறும்போது ஒவ்வொரு பகுதியின் பொருளும் மாறுகிறது. நடை எல்லோருக்கும் தெருவாகிறது. முற்றம் துணி காயப்போடும் இடமாகவும், பாத்திரம் துலக்கும் இடமாகவும், கல்யாணப் பந்தியாகவும் மாறுகிறது. தாழ்வாரத்தில் ஒவ்வொரு குடித்தனமும் தன் கதவுக்கு நேரே அடுப்பை வைத்துக்கொள்கிறது. மகாலைச் சுற்றிய சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில் அறைக்குள்ளேயே தறியும் இடம்பெற்றது. பாவு விரிக்கத் தெருவே களமாயிற்று. ஆகவே அங்கே தெருவின் நீளமும் வீட்டின் ஒரு பகுதியாகக் கணக்கில் வரும்.

வாடகையும் இந்த வரிசையைப் பின்பற்றியது. தெருவை ஒட்டிய பகுதிக்கு வாடகை அதிகம். கழிப்பறையை ஒட்டிய கடைசி அறைக்குக் குறைவு. யார் எவ்வளவு உள்ளே குடியிருக்கிறார் என்பதைக்கொண்டே அவர் வருமானத்தை ஊகித்துவிடலாம்.

கட்டுமானம்

பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைக் காரையில் சேர்ப்பது வழக்கம். கூரை மூன்று வகை: நாட்டு ஓடு, பின்னர் வந்த மங்களூர் ஓடு, வசதியான வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் தட்டைக்கூரை. கடைசி வகையில் மரக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துக்கட்டாக மூலைவாட்டத்தில் அடுக்கி, செங்கல் ஜல்லிக் காரை போட்டு, மேலே தட்டோடு பதிப்பர். ஏழை வீடுகளில் கட்டை பனை. செல்வர் வீடுகளில் தேக்கு.

உத்திரங்களின் முனைகள் பொதுச்சுவரில் பதிந்திருக்கும். இரண்டு வீட்டுக் கூரையையும் ஒரே சுவர் தாங்கும். அதனால்தான் பழைய கிரையப் பத்திரங்களில் நான்கெல்லையைச் சொன்ன கையோடு, பொதுச்சுவர் பாத்தியம், நடைபாத்தியம், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம் ஆகியவை தனித்தனியே எழுதப்படும். இவ்வீடுகளின் உண்மையான வரைபடம் இந்தப் பாத்தியங்களில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக் குடியிருப்புடன் ஒப்பீடு

எடின்பரோ நகரின் பழைய வீதியில் 'கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட்' என்ற ஆறடுக்குக் கட்டடம் இருக்கிறது. 1617இல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகர் இதை வாங்கி விரிவாக்கினார். தாம் ஒரு பகுதியில் வாழ்ந்துகொண்டு மற்ற தளங்களை வாடகைக்கு விட்டார். மளிகை வணிகரும் பாதிரியாரும் அங்கே ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினர். 1934இல் இடிபட இருந்த அதை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. மதுரையின் பழைய வணிகர் வீட்டுக்கு இது நெருங்கிய உறவு: குறுகிய முகப்பு, கீழே கடை, மேலே வீட்டுக்காரர், மிச்ச இடத்தில் குடித்தனக்காரர்கள். அங்கே தகுதி தளத்தால் வேறுபட்டது. இங்கே தெருவிலிருந்து உள்ளே போகும் தூரத்தால் வேறுபட்டது.

19ஆம் நூற்றாண்டின் கிளாஸ்கோ குடியிருப்பு வேறு வகை. அது தொடக்கத்திலேயே பல குடும்பங்களுக்காக வரையப்பட்டது. மணற்கல்லால் ஆன மூன்று நான்கு தளங்கள். தெருவிலிருந்து 'குளோஸ்' எனப்படும் பொது நடை உள்ளே சென்று படிக்கட்டில் சேரும். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டைச் சுற்றி இரண்டு மூன்று வீடுகள். பின்னால் பொது முற்றமும் சலவை அறையும். படிக்கட்டைக் கழுவுவது முறை வைத்து நடந்தது. இதில் நம் காம்பவுண்டு வீட்டின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. நடையும் முற்றமும் துவைக்கும் இடமும் அங்கேயும் பொதுவே. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. அங்கே பொது இடம் முதலிலேயே திட்டத்தில் இடம்பெற்றது. நம் ஊரில் குடும்பங்கள் நிறைந்த பிறகு மிஞ்சியதே பொது இடமாயிற்று.

இதைச் சொல்லும்போது கிளாஸ்கோவை உயர்த்திப் பேசுவதாகக் கொள்ளலாகாது. ஒரே அறையில் முழுக் குடும்பமும் வாழ்ந்த வீடுகள் அங்கே ஏராளம். பல குடும்பங்களுக்குப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரே கழிப்பறை. நெரிசல் பொறுக்காமல் நகராட்சி 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு வீடுகளின் கன அளவை அளந்து, எத்தனை பேர் தங்கலாம் என்று பொறித்த தகரச் சீட்டைக் கதவில் அறைந்தது. பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி என்பது கணக்கு. இரவில் ஆய்வாளர்கள் வந்து தலை எண்ணினர். 1915இல் வாடகை உயர்வை எதிர்த்து மேரி பார்பர் முதலிய பெண்கள் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தின் விளைவாக, அதே ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அங்கேயும் கட்டடத்தின் குறைகளை முதலில் பேசியவர்கள் அதற்குள் வாழ்ந்தவர்களே.

நிறைகள்

கோடையில் 40 பாகையைத் தொடும் ஊரில் பொதுச்சுவர் ஒரு பெரிய நன்மை. வீட்டின் இரு நீளப் பக்கங்களிலும் வெயில் நேராகப் படுவதே இல்லை. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழும்ப, நடை வழியே காற்று உள்ளே வரும். சுண்ணாம்புச் சுவரும் ஜல்லிக் கூரையும் உச்சி வெயிலின் சூட்டை மாலைவரை தடுத்து நிறுத்தும். இன்றைய தனி அடுக்குமாடியில் மின்விசிறி நின்றால் உட்கார முடியாத நேரத்தில் பழைய தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்கலாம்.

இரண்டாவது நிறை, குறைந்த நிலத்தில் நிறையப் பேருக்கு இடம் தந்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடந்து செல்லும் தொலைவில் வருமானம் குறைந்தவர்களும் வாழ முடிந்தது. பூ கட்டுபவருக்கும் தையல்காரருக்கும் இது வெறும் வசதி மட்டும் அல்ல. பிழைப்பே அதில்தான் இருந்தது.

மூன்றாவது, கண்காணிப்பும் துணையும். தலைவாசலைத் தாண்டி வருபவரை முற்றத்தில் ஒருவராவது பார்ப்பார். தாய் வேலைக்குப் போனால் பிள்ளைக்குச் சோறு போட அடுத்த கதவு இருக்கும்.

குறைகள்

இம்மூன்று நிறைகளையும் மட்டும் பேசி நினைவில் உருகும் எழுத்து இப்போது பெருகிவிட்டது. அது பாதி உண்மை.

முதற்குறை வெளிச்சம். ஒரு குடும்பம் வாழ்ந்தபோது அறைகள் தூங்கவும் சாமான் வைக்கவும் மட்டுமே. வாழ்க்கை முற்றத்தில் நடந்தது. அறையே முழு வீடாகும்போது, சன்னல் இல்லாத அந்த அறை சுவாசிக்க இடம் தராது. இருபுறமும் பொதுச்சுவர் என்பதால் சன்னல் திறக்கவும் வழியில்லை. கிளாஸ்கோ வீட்டின் ஆழம் குறைவு. தெருப்பக்கமும் பின்முற்றப் பக்கமும் சன்னல் வைக்க முடிந்தது. நம் வீட்டின் ஆழம் அதற்கு இடம் தரவில்லை. என்னிடம் படித்த மாணவர் பலர் இவ்வீடுகளிலிருந்து வந்தவர்கள். மாலையில் படிக்கும் இடம் எதுவென்று கேட்டால், திண்ணை என்றோ மாடிப்படி என்றோதான் சொல்வார்கள்.

இரண்டாவது, தண்ணீரும் கழிப்பறையும். ஒரு கிணறும் ஒரு குழாயும் பத்து வீட்டுக்கு. விடியுமுன் எழுந்து வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைக் களமாகக் கொண்டது. இத்தகைய வாழ்வின் இந்தப் பக்கத்தை நம் கட்டடக்கலை நூல்களுக்கு முன்பே இலக்கியம் கவனித்துவிட்டது. கழிப்பறைக்குக் காத்திருக்க வேண்டிய சங்கடத்தை நாவல்கள்கூட அதிகம் எழுதவில்லை.

மூன்றாவது, அந்தப் பின்கதவு. முடுக்குக்குத் திறக்கும் சிறு கதவு எடுப்புக் கக்கூசைச் சுத்தம் செய்ய வருபவருக்காக வைக்கப்பட்டது. அவர் தலைவாசல் வழியே வரக்கூடாது என்பதே அதன் பொருள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. கதவு அதற்கு முன்பும் பின்பும் ஒரு சாட்சி. திண்ணையின் அழகை வியப்பவர் அதே கட்டடத்தின் மறுமுனையையும் போய்ப் பார்க்க வேண்டும். பொதுச்சுவர் யாரோடு பொது என்பதையும் சாதியே பெரிதும் தீர்மானித்தது. 'வீடு காலி' என்று எழுதிய பலகைக்குக் கீழே எழுதாத கேள்வி ஒன்று எப்போதும் இருந்தது.

சட்டமும் பராமரிப்பும்

இக்கட்டடங்கள் நலிந்ததற்கு வயது மட்டும் காரணமில்லை. பொது இடத்தைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்பது தெளிவாக இல்லை. தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 1960 குடித்தனக்காரரைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து காத்தது. அது தேவையான காப்பு. ஆனால் பல ஆண்டுகள் மாறாத வாடகையைக் காட்டி வீட்டுக்காரர் ஓடு மாற்ற மறுத்தார். சொந்தமில்லாத சுவருக்குச் செலவிடக் குடித்தனக்காரரும் மறுத்தார். வாரிசுகள் பெருகப் பெருக உரிமை பத்துப் பங்காயிற்று. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வற்புறுத்துகிறது. அறைக்கு ஒப்பந்தம் எழுதலாம்; முற்றத்துக்கும் நடைக்கும் பொறுப்பை யார் மீது எழுதுவது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் எல்லைக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி உண்டு. கோபுரக் காட்சியைக் காக்க அது உதவும். ஆனால் பழைய வீட்டை இடித்து அதே உயரத்தில் கண்ணாடி முகப்புக் கடை கட்டுவதை அது தடுக்காது. உயரத்தை அளக்கும் விதிக்குத் திண்ணையும் முற்றமும் கண்ணில் படுவதில்லை.

ஒரு வீட்டை மட்டும் இடிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இதுவரை உள்சுவராக இருந்த பொதுச்சுவர் திடீரென்று வெளிச்சுவராகிறது. அதற்கு மழை தாங்கும் பூச்சு கிடையாது. உத்திரம் உருவிய ஓட்டைகளில் நீர் இறங்கி, மறுபக்கத்து வீட்டின் கட்டைகள் உளுத்துப்போகும். ஐப்பசி மழையில் பழைய சுவர் இடிந்த செய்தியைப் படிக்கும்போது, பக்கத்து மனை எப்போது இடிக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

காக்கும் வழி

கிளாஸ்கோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய குடியிருப்புகளை மொத்தமாக இடித்து உயர்ந்த அடுக்குமாடிகளும் புறநகர்க் குடியிருப்புகளும் கட்டினர். அண்டை அயல் சிதறியது. 1970களில் போக்கு மாறியது. 1974ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் தந்த நிதியுதவியோடு, தெருவாசிகளே உறுப்பினராக இருந்த வீட்டுவசதிச் சங்கங்கள் பழைய கட்டடங்களை ஏற்றன. இரண்டு சிறு வீடுகளை ஒன்றாக்கின, ஒவ்வொன்றுக்கும் குளியலறை வைத்தன, கூரையைப் புதுப்பித்தன. முகப்பு பெரும்பாலும் மாறவில்லை. உள்ளே வாழ்க்கை மாறியது.

மதுரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நம் மனைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம், ஆழம் வேறு, வெயில் வேறு. ஆனால் வேலையின் வரிசை பொருந்தும். முதலில் கழிப்பறையும் குழாயும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும். அடுத்து, நெரிசலைக் குறைத்து, கொல்லையில் பின்னால் எழுந்த அறைகளை அகற்றி வெளிச்சத்துக்கு வழி விடுதல். அதன்பின் கூரை. திண்ணைத் தூணுக்கு வண்ணம் பூசுவது கடைசியில் வரலாம். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினால், காப்பாற்றப்பட்டது ஒரு சுவர் மட்டுமே.

கற்போர் கவனத்திற்கு

கிளாஸ்கோவின் பக்லூ தெருவில் 1892இல் கட்டிய குடியிருப்பு ஒன்றில், ஆக்னஸ் டோவர்ட் என்ற தட்டச்சர் 1911 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அவர் பெரிதாக எதையும் மாற்றவில்லை. எதையும் தூக்கி எறியவுமில்லை. 1982 முதல் அந்த நாலு அறை வீடு தேசிய அறக்கட்டளையின் அருங்காட்சியகம். கரி அடுப்பையும் சமையலறைச் சுவரில் ஒடுங்கிய படுக்கையையும் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். அரசர் வீடு மட்டுமே அருங்காட்சியகமாக வேண்டும் என்பதில்லை.

மதுரையில் அப்படி ஒரு காம்பவுண்டு வீடு இன்னும் இல்லை. அதுவரை மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உங்கள் வீடோ உறவினர் வீடோ இவ்வகையாக இருந்தால், குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். முகப்பு அகலம், உள்நீளம், சுவர்க் கனம், முற்றத்தின் அளவு ஆகியவற்றைக் குறியுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை சன்னல், எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை என்று எண்ணுங்கள். பழைய பத்திரம் இருந்தால் அதில் உள்ள பாத்தியங்களைப் படியெடுங்கள். பின்கதவு எங்கே இருந்தது என்று வயதானவர்களைக் கேளுங்கள். கட்டடம் விழுந்த பிறகு இந்த விவரங்களைத் திரட்ட இயலாது.